வெள்ளோட்டம்

(நாகப்பட்டினத்தில் ஜூன் 14 மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தவர்கள் தலைப்பை என்னிடம் விட்டுவிட்டுத் தேதியை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஜூன் 14. இந்த ஊரில் ஜூன் 14 என்று சொன்ன பிறகு தனியாகத் தலைப்பு எதற்கு? இன்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. ஏப்ரல் 15-ல் கட்டிய கயிற்றை 61 நாள் கழித்து அவிழ்க்கிறார்கள். வரும் வழியில் பார்த்தேன், அக்கரைப்பேட்டைப் பக்கம் ஐஸ் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. டீக்கடையில் இரண்டு மாதமாக இல்லாத சத்தம். ஆகவே நானும் அதைப் பற்றியே பேசுகிறேன். திரும்பிப் போவதைப் பற்றி. வேலையை விட்டு விலகியிருந்த மனிதர் மறுபடி வேலைக்குத் திரும்பிப் போவதைப் பற்றி.

இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். லீவு முடிந்தது, கிளம்ப வேண்டியதுதானே? திங்கட்கிழமை காலை சட்டையை மாட்டினால் போயிற்று! உலகம் அப்படித்தான் நினைக்கிறது. முப்பத்தைந்து வருடம் வங்கியில் வேலை பார்த்தவள் நான். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். அப்படி இல்லை என்று எனக்குக் காட்டியது இந்த ஊர்தான்.

மீன்பிடித் தடைக்காலம் நமக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் பின்வரிசையில் வெளியூர்க்காரர்கள் தெரிகிறார்கள். அவர்களுக்காக இரண்டு வார்த்தை. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று தமிழ்நாட்டில் 2001-ல் தடை வந்தது. முதலில் 45 நாள். 2017-லிருந்து 61 நாள் ஆயிற்று. இது கிழக்குக் கடற்கரைக்கு. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பக்கமும் கடல். நாளைக் காலை சின்னமுட்டத்தில் படகு கிளம்பும்போது, அதே மாவட்டத்துக் குளச்சலில் படகு கரையில் கட்டிக் கிடக்கும். ஒரே மாவட்டம், ஒருவருக்கு வேலை தொடங்கும் நாள், இன்னொருவருக்கு ஓய்வு நாள்.

சரி, அந்த 61 நாளில் என்ன நடக்கிறது?

நான் இந்த ஊருக்கு இரண்டு தடவை மாற்றலாகி வந்தேன். முதலில் 1984-ல், பிறகு 2002-ல். இரண்டாம் முறை வந்தபோதுதான் தடைக்காலத்தைக் கவுண்டருக்கு உள்ளேயிருந்து பார்த்தேன். முதல் வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். தூங்குவார்கள். வருடம் முழுக்கக் கடன்பட்ட தூக்கத்தை எல்லாம் அந்த வாரத்தில் அடைப்பார்கள். அடுத்த வாரம் கல்யாணம், காதுகுத்து, வேளாங்கண்ணி, நாகூர் என்று போகும். மே மாதம் பிறந்ததும் பெண்கள் வருவார்கள், நகையோடு.

நகைக் கடன் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். படகைக் கரையேற்றியாயிற்று. அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்ட வேண்டும். பலகை இடுக்கில் கலப்பத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை இறக்கிப் பூட்ட வேண்டும். பெயின்ட் அடிக்க வேண்டும். வலையின் மடி கிழிந்த இடமெல்லாம் பொத்த வேண்டும். மீன்வளத் துறை அதிகாரிகள் படகை ஆய்வு செய்ய வருவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். செலவு லட்சத்தில் நிற்கும். அரசாங்கம் தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது அரிசிக்கும் பருப்புக்கும் போய்விடும். மிச்சத்துக்கு? கழுத்தில் கிடப்பதுதான். கூலிக்குப் போகும் மீனவருக்குப் படகும் இல்லை, அடகு வைக்க நகையும் இல்லை. அவர் கட்டட வேலைக்கோ கேரளப் பக்கமோ பஸ் ஏறிவிடுவார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? நாம் எல்லோரும் தடைக்காலம் என்றால் சும்மா இருக்கும் காலம் என்று நினைக்கிறோம். சும்மா இருந்தது இரண்டு வாரம். மிச்ச ஆறேழு வாரமும் திரும்பிப் போவதற்கான வேலை! வேலையில்லாத நாளிலும் அவர்கள் ஒரு வேலை பார்க்கிறார்கள். அந்த வேலையின் பெயர் திரும்பிப் போவது.

அந்த வேலையின் கடைசிக் கட்டம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்தது. படகைத் தண்ணீரில் இறக்கியதும் நேரே கடலுக்கு ஓட்டிவிட மாட்டார்கள். கடுவையாற்றில் கொஞ்ச தூரம், முகத்துவாரம் வரை கொஞ்ச தூரம், ஓட்டிப் பார்ப்பார்கள். வலை கிடையாது, ஐஸ் கிடையாது. எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். எங்கே தண்ணீர் கசிகிறது, சுக்கான் கை சொன்னபடி கேட்கிறதா என்று பார்ப்பார்கள். திரும்பி வந்து, கோளாறைச் சரி செய்து, மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். இதற்குத் தமிழில் எவ்வளவு அழகான சொல் இருக்கிறது! வெள்ளோட்டம்.

தேருக்கும் இதே சொல்தான். பக்கத்துத் திருவாரூரில் ஆழித்தேர் இருபது ஆண்டுக்கு மேல் ஓடாமல் நின்று, 1970-ல் மறுபடி ஓடியது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அத்தனை வருடம் நின்ற தேரை வடம் பிடித்து நேரே இழுத்துவிட முடியுமா? அச்சு என்ன ஆயிற்று, சக்கரம் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டாமா? புதுத்தேர் செய்தாலும், பழைய தேரைப் புதுப்பித்தாலும், சாமி ஏறுவதற்கு முன்னால் வெள்ளோட்டம் விடுவது நம் ஊர்களின் வழக்கம். மரத்துக்குக் கொடுக்கிறோம். இரும்புக்குக் கொடுக்கிறோம். மனிதருக்கு?

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். வயதாகிவிட்டது, சொல்லலாம்.

1984-ல் எனக்கு முதல் பிள்ளை பிறந்தது. மூன்று மாத விடுப்பு. முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்குக் காசாளர் கூண்டில் போய் உட்கார்ந்தேன். பிள்ளை வீட்டில் மாமியாரிடம். மூன்று மாதமாக என் பொழுதுக்குக் கணக்கு பிள்ளையின் அழுகைதான். இரவு எது, பகல் எது என்று தெரியாது. திடீரென்று கையில் நோட்டுக்கட்டு. எண்ணுகிறேன், எண்ணிக்கை வரவில்லை. நூறு எண்ண வேண்டிய கட்டில் தொண்ணூற்றேழு வருகிறது, மறுபடி நூற்றிரண்டு வருகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை நீண்டுகொண்டே போகிறது. மேலதிகாரி வந்து, "என்னம்மா, லீவு மயக்கம் இன்னும் தெளியலையா?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டார். பதினொன்றரை மணிக்கு மார்பில் பால் கட்டி, சேலை முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வரிசையில் ஒரு மீன்காரப் பாட்டி நின்றார். தினமும் சில்லறை மாற்ற வருபவர்தான். கூடையை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார், முந்தானையைப் பார்த்தார். "ஏம்மா, புள்ள பெத்து எத்தன மாசமாவுது?" என்றார். சொன்னேன். அவர் என்னிடம் பேசவில்லை. நேரே மேலதிகாரியின் மேசைக்குப் போனார். "ஏன் சார், எஞ்சின் எறக்கிப் பூட்டுன படகையே எங்க ஆளுங்க ரெண்டு வாட்டி வெள்ளோட்டம் பாத்துட்டுத்தான் கடலுக்கு வுடுறாங்க. இந்தப் பொண்ண வந்த அன்னிக்கே ஆழக் கடலுக்கு அனுப்புறியளே, இது நல்லாருக்கா?" என்றார். கிளையே சிரித்தது. மேலதிகாரியும் சிரித்தார், வேறு வழியில்லாமல். அன்றைக்கு மதியம் ஒரு மணி நேரம் நான் வீட்டுக்குப் போய் வந்தேன். அடுத்த ஒரு வாரம் என்னைக் கூண்டில் உட்கார்த்தவில்லை. லெட்ஜர் பக்கம் போட்டார்கள். லெட்ஜரில் தப்பு வந்தால் திருத்தலாம். பணத்தில் தப்பு வந்தால் கைக்காசு. இந்த வித்தியாசம் காசாளருக்குத்தான் தெரியும். பத்தாவது நாள் கட்டைக் கையில் எடுத்தேன். நூறு என்றால் நூறு வந்தது.

அந்தப் பாட்டி எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தவரல்ல. ஆனால் 1961-ல் நாடாளுமன்றம் இயற்றிய மகப்பேறு நலச் சட்டத்தில் அவர் சொன்னது ஒரு விதியாகவே எழுதப்பட்டது! வேலைக்குத் திரும்பும் தாய்க்கு, வழக்கமான இடைவேளை போக, பாலூட்டுவதற்காக ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை. 2017-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் எழுதினார்கள். விடுப்பு கூடியது எல்லோருக்கும் தெரியும், செய்தியிலும் வந்தது. அந்த இரண்டு இடைவேளையைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒன்று, இரண்டு... அவ்வளவுதான். விலகியிருக்கும் நாளை எண்ணிக் கேட்டு வாங்குகிறோம். திரும்பி வரும் நாளைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

வேலை என்பது கைப்பழக்கம், கால்பழக்கம். அறிவு மறக்காது, உடம்பு மறந்துவிடும். தடைக்காலம் முடிந்து முதல் நாள் போய்வந்த ஆட்களின் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? வருடம் முழுக்கக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை, 61 நாளில் இளகிவிடுகிறது. முதல் இழுப்பிலேயே தோல் உரியும். வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடந்தவருக்கே முதல் நாள் வயிறு ஒரு புரட்டுப் புரட்டும். வெளியே சொல்லமாட்டார்கள், மானப் பிரச்சினை! எங்கள் கிளை வாடிக்கையாளர், படகு ஓட்டுபவர், ஒரு முறை என்னிடம் சொன்னார்: "மொத நாளு தெரியாத கடலுக்குப் போமாட்டம் மேடம். கண்ண மூடிட்டுப் போற எடத்துக்குத்தான் போவோம்." நான் அதைக் குறித்துவைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நீண்ட விடுப்பு முடிந்து வரும்போதும் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலையைத்தான் முதலில் கையில் எடுத்தேன். மேசை மேல் குவிந்து கிடக்கும் சிக்கலான கடிதங்களைத் தொடவே மாட்டேன், மூன்று நாளைக்கு.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் ஒரு புத்தகம் எழுதினார். அறுவைச் சிகிச்சையில் முகம் மாறியவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக, குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அதில் சொன்னார். காலப்போக்கில் முகம் போயிற்று, 'குறைந்தது' போயிற்று, 21 மட்டும் நின்றது. பிறகு லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 96 பேரை வைத்து முறையாகப் பார்த்தார்கள். தினம் ஒரு சின்னச் செயல், சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி, அந்த மாதிரி. 2010-ல் அச்சில் வந்த அந்த ஆய்வின்படி, யோசிக்காமலே செய்யும் அளவுக்கு அது படிய நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது; சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது.

66 என்று படித்ததும் எனக்கு நம் 61-தான் நினைவுக்கு வந்தது. பாருங்கள், தடைக்காலம் முடிவதற்குள் வீட்டில் இருப்பதே ஒரு பழக்கமாகப் படியத் தொடங்கிவிடுகிறது! ஆள் சோம்பேறியாகிவிட்டார் என்று பொருள் இல்லை. உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. வங்கியிலும் பள்ளியிலும் தொழிற்சாலையிலும் நீண்ட நாள் கழித்துத் திரும்பி வரும் மனிதரைப் பார்த்து 'லீவு மயக்கம்' என்று சிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய சேதம் இல்லை. இதை முன்வரிசைப் பிள்ளைகள் கேட்காதது போல இருங்கள். பள்ளிக்கூடத்துக்கு இது பொருந்தாது!

ஆனால், நண்பர்களே, எல்லா விலகலும் லீவு அல்ல. இதைச் சொல்லாமல் இந்த ஊரில் இந்தத் தலைப்பில் பேசிவிட்டுப் போக முடியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாரையும் இழக்காதவர் யார்? படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வங்கி திறந்தபோது நனைந்த பாஸ்புக்குகளைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் மொட்டை மாடியில் கல் வைத்துக் காய வைத்தோம். சில பாஸ்புக்குகளை வாங்கிப்போக ஆள் வரவில்லை.

போன படகை அரசும் மற்றவர்களும் சேர்ந்து திருப்பிக் கொடுத்தார்கள். வலை கொடுத்தார்கள், எஞ்சின் கொடுத்தார்கள். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை எந்த நிவாரணம் திருப்பி உட்கார வைக்கும்? எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், தினமும் மாலை கரைக்கு வருவார். முதலில் சாலையில் நிற்பார். சில வாரம் கழித்து மணலில் நின்றார். பிறகு ஈர மணலில். ஒரு நாள் கணுக்கால் நனைய. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. படகில் ஏறிய அன்று அவர் மனைவி சமைக்கவே இல்லை, வாசலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரத்தில் வெறும் கையோடு திரும்பி வந்தார்கள். மீன்பாடு இல்லை. ஆனால் அந்தத் தெருவே நின்று பார்த்தது.

அவர் திரும்பினால் மட்டும் போதுமா? அந்த நாட்களில் ஊரே மீன் சாப்பிடப் பயந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். கடலில் என்னவெல்லாம் கிடக்கிறதோ, மீன் எதைத் தின்றதோ என்று. பிடித்து வந்த மீனை வாங்க ஆள் இல்லை. பிடிப்பவர் திரும்ப வேண்டும், ஏலம் கூறுபவர் திரும்ப வேண்டும், கூடைக்காரம்மா தெருவுக்குத் திரும்ப வேண்டும், தெருவில் இருக்கும் நாம் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். ஒருவர் வேலைக்குத் திரும்ப எத்தனை பேர் தங்கள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது! என் வீட்டில் மறுபடி மீன் வாங்கிய அன்று அந்தம்மா எடை போடவே இல்லை. "அள்ளிக்கிங்கம்மா" என்றார். பேரம் பேசும் பழக்கம் எங்கள் இருவருக்கும் அடுத்த மாதம்தான் திரும்பி வந்தது. பேரம் பேசத் தொடங்கிய அன்றுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

சாதாரண நாள் என்று ஒன்றைச் சொல்கிறோமே, அது தானாக வருவதில்லை என்று அப்போது விளங்கியது. ஐஸ் கம்பெனி, டீசல் பங்க், டீக்கடை, வங்கிக் கவுண்டர், பள்ளிக்கூட மணி, எல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒன்று விழுந்தால் எல்லாம் சரியும். ஒன்று எழுந்தால், மெதுவாக, மற்றதும் எழும்.

அதனால் அதிகாரியாக இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிரசவம் முடிந்து வருபவர், அறுவைச் சிகிச்சை முடிந்து வருபவர், வீட்டில் சாவு கழிந்து வருபவர், இவர்கள் வரும் முதல் வாரத்தை வெள்ளோட்ட வாரம் என்று வையுங்களேன். சம்பளத்தைக் குறைக்காமல், வேலையை மட்டும் குறைத்து. திங்கட்கிழமைக்குப் பதில் வியாழக்கிழமை வரச் சொல்லுங்கள். இரண்டு நாளில் ஒரு ஓய்வு வந்துவிடும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. என்னை லெட்ஜர் பக்கம் மாற்ற அன்று ஒரு கூடைக்காரப் பாட்டியின் வாய் போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெற்றவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஓய்வு பெற்ற மறுநாள் நான் ஒன்பது மணிக்குக் குளித்து, சேலை கட்டி, கைப்பையோடு வாசல் வரை வந்துவிட்டேன். பால்காரர்தான் "எங்கம்மா?" என்று கேட்டு நிறுத்தினார். போவதற்கு வெள்ளோட்டம் வேண்டும் என்றால் நிற்பதற்கும் வேண்டும்போல. அது இன்னொரு கூட்டத்துக்கான பேச்சு.

நாளைக்குக் காலை எத்தனை மீன் வரும் என்று தெரியாது. முதல் நாள் பாடு கனமாக இருக்கும் என்பார்கள். எல்லாப் படகும் ஒரே நாளில் கரை வந்து, விலை விழுந்து, நகை மீட்கும் கணக்கு ஒரு மாதம் தள்ளிப்போன வருடங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அடகுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், தாய்மார்களே. அதைத் தொலைத்துவிட்டு வரும் கூட்டத்தைச் சமாளித்துச் சமாளித்தே எனக்குத் தலை நரைத்தது.

மூன்றாவது வரிசையில் இருவர் எழுந்து நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். தெரியும், இன்னும் ஐஸ் ஏற்றவில்லை. நீங்கள் போங்கள் தம்பி, இங்கே நன்றியுரை சொல்ல ஆள் இருக்கிறார். உள்ளங்கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போங்கள்.